நத்தாரும் தோட்டத்து வாத்தியாரும்

இலங்கைத் தமிழில் கிறிஸ்து பிறந்த திருநாளுக்கு நத்தார் என்று பெயர். போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல் அது. 1505இல் இத்தீவில் கால் வைத்தவர்கள் 1658இல் ஒல்லாந்தரிடம் கடைசிக் கோட்டையையும் பறிகொடுத்து வெளியேறினார்கள். கோட்டை போயிற்று, சொல் தங்கிவிட்டது. ஒல்லாந்தரும் அவருக்குப் பின் வந்த ஆங்கிலேயரும் அதை அசைக்கவில்லை.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலைநாட்டுக்கு வந்த முதல் உபதேசியார்களின் காதில் இந்தச் சொல் புதிதாக விழுந்திருக்கும். மெய்ஞ்ஞானபுரத்திலும் நாசரேத்திலும் பாளையங்கோட்டையிலும் அவர்கள் கொண்டாடியது கிறிஸ்துமஸ் பண்டிகை. கடலைத் தாண்டிய பிறகு பண்டிகையின் பெயரே மாறிவிட்டது. பேசுவது அதே தமிழ். ஆனால் இது வேற்று நாடு.

வெளிநாட்டில் ஆசிரியத் தொழில் பார்த்துக்கொண்டு பண்டிகை நாளைக் கழித்தவர்கள் என்றவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுவது யார்? இங்கிலாந்திலிருந்து வந்த வெள்ளைக்காரப் பாதிரியார், அவருடைய மனைவி, பங்களா, கணப்பு, பிளம் கேக். அவர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்கள் பாதுகாக்கப்பட்டன. நினைவுக் குறிப்புகள் அச்சேறின. அதே மலையில், அதே குளிரில், அவரினும் நீண்ட காலம் பாடம் சொன்ன தமிழ் வாத்தியாரைப் பற்றிச் சரித்திரம் ஏறக்குறைய மௌனமாக இருக்கிறது. அவரும் அயல்நாட்டில் இருந்தவர்தாம். திம்புள்ளையின் கதையை அவர் பக்கமிருந்து சொல்லிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சர்ச் மிஷனரி சங்கம் 1854இல் 'தமிழ்க் கூலி மிஷன்' என்ற அமைப்பைத் தொடங்கியது. பெயரைக் கவனியுங்கள். மனிதனை அவன் வாங்கும் கூலியால் அழைப்பதில் அன்று எந்தத் திருச்சபைக்கும் கூச்சமிருக்கவில்லை. பிற்காலத்தில்தான் அந்தப் பெயர் மாற்றப்பட்டது. மிஷனுக்குக் கோப்பித் தோட்டத் துரைமார் சந்தா கொடுத்தார்கள். ஆட்களைத் திருநெல்வேலித் திருச்சபை கொடுத்தது. ஏன் திருநெல்வேலி? அங்கே அரை நூற்றாண்டுக்குள் படித்த கிறிஸ்தவத் தலைமுறை ஒன்று உருவாகியிருந்தது. எழுதவும் வாசிக்கவும் தெரிந்த ஏழை இளைஞர்கள் கிடைத்தார்கள். தோட்டத்துக் கூலிகள் பேசிய மொழியும் அவர்களுடைய மொழியே. வெள்ளைக்காரரைவிடக் குறைந்த சம்பளத்துக்கு அவர்கள் வருவார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்த நாளில் திம்புள்ளை பெரும்பாலும் காடு. 1860களிலும் 1870களிலும்தான் அந்தக் காடு வெட்டி எரிக்கப்பட்டுக் கோப்பி நடப்பட்டது. புகைவண்டி நாவலப்பிட்டிக்கு 1874இல் வந்தது. ஹட்டனை அடைய 1884 ஆயிற்று. தலவாக்கலையைக் கடந்து நானுஓயாவைத் தொட்டது 1885இல். அதற்கு முன்னால் வந்த உபதேசியார் கால்நடையாகவே மலையேறியிருக்க வேண்டும்.

இங்கே ஒரு பொருளாதார உண்மையை விளங்கிக்கொண்டால்தான் பள்ளிக்கூடத்தின் கதை விளங்கும். கோப்பி ஒரு பருவப் பயிர். பழம் பறிக்கும் மும்முரம் ஆண்டின் கடைசி மாதங்களில் வரும். கங்காணி தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆள் திரட்டிக் கூட்டிவருவான். அறுவடை முடிந்ததும் பெருங்கூட்டம் ஊருக்குத் திரும்பிவிடும். பெண்களும் குழந்தைகளும் குறைவு. இப்படி வந்து போகும் கூட்டத்துக்கு எங்கே பள்ளிக்கூடம் கட்டுவது? உபதேசியார் தோட்டம் தோட்டமாக நடந்தார். மாலையில் வேலை முடிந்து லயத்துக்குத் திரும்புகிறவர்களை உட்காரவைத்துப் பேசினார். இரண்டொருவருக்கு அரிச்சுவடி காட்டினார். மறுநாள் அடுத்த மலைக்குப் போனார். நத்தார் வருவதோ பழம் பறிப்பின் உச்சத்தில். திருநெல்வேலிக் கிராமத்தில் மார்கழியில் பனையேற்றம் இல்லை. பண்டிகைக்கு மனமும் நேரமும் இருக்கும். மலையிலோ பொழுது விடியுமுன் பெரட்டுக்குக் கொம்பு ஊதிவிடுவார்கள். ஞானஸ்நானம் பெற்ற கூலிக்கும் பெறாத கூலிக்கும் அன்று சுமக்க வேண்டிய கூடை ஒன்றே.

1876 முதல் 1878 வரை தமிழகத்தைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டியது. கஞ்சித் தொட்டிக்கும் வழியில்லாதவர்கள் முன்னெப்போதும் இல்லாத அளவில் கடல் கடந்தார்கள். மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மலைநாட்டுக்கு நடந்தவர்களில் எத்தனையோ பேர் வாந்திபேதியால் வழியிலேயே மாண்டார்கள். அதே 1878இல், திம்புள்ளையை அடுத்த டிக்கோயாவில், வார்லி என்ற இடத்தில் துரைமார் தங்களுக்கு ஓர் அழகிய கல் கோயில் எழுப்பினார்கள். இன்று காசல்ரீ நீர்த்தேக்கத்தின் கரையில் நின்று உல்லாசப் பயணிகள் படம் பிடிப்பது அந்தக் கோயிலைத்தான். பஞ்சத்தையும் கோயிலையும் முடிச்சுப்போட்டு யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமன்று. ஆனால் இரண்டும் ஒரே காலத்தவை என்பதைக் கோயிலின் அழகைப் பாடுகிறவர்கள் யாரும் சொல்வதில்லை.

அதே மலைப்பகுதியில் அந்நாளில் வாழ்ந்த இன்னொரு கிழவரையும் குறிப்பிட வேண்டும். சார்லஸ் ஹே கெமரன். கோல்புரூக்கோடு சேர்ந்து இலங்கையின் ஆட்சிமுறையை ஆராய்ந்து, 1833இன் சீர்திருத்தங்களுக்கும் இராஜகாரியம் என்ற கட்டாய ஊழிய ஒழிப்புக்கும் காரணமானவர். கல்கத்தாவில் கல்விச் சபைக்குத் தலைமை தாங்கியவர். அவரே இங்கு தோட்ட முதலாளியும் ஆனார். 1875இல் மனைவியோடு இங்கே வந்து குடியேறினார். அந்த அம்மையார்தான் புகைப்படக் கலையில் உலகப் புகழ் பெற்ற ஜூலியா மார்கரெட் கெமரன். 1879 ஜனவரியில் காலமாகிப் பொகவந்தலாவைக் கோயில் மயானத்தில் அடங்கினார். சிங்கள விவசாயியின் கட்டாய ஊழியத்தை ஒழித்த தாராளவாதியின் தோட்டத்திலும் கங்காணியின் கடனில் கட்டுண்ட தமிழன்தான் வேலை செய்தான். தனிமனிதனின் நற்குணம் ஒரு பொருளாதார அமைப்பின் முன்னால் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

கோப்பி இலையைப் பூஞ்சணம் தின்றது. 1869இல் முதலில் காணப்பட்ட அந்த நோய் 1880களில் தோட்டங்களை அடியோடு அழித்தது; அந்த இடத்தில் தேயிலை வந்தது. பயிர் மாறியபோது சமுதாயமும் மாறிற்று. தேயிலைக்குப் பருவம் இல்லை. வாரம் பத்து நாளுக்கொரு முறை, ஆண்டு முழுவதும் கொழுந்து எடுத்தாக வேண்டும். அதற்குப் பெண்களின் விரல்கள் வேண்டும். பெண்கள் வந்தால் குடும்பம் வரும். குடும்பம் வந்தால் குழந்தைகள் பிறப்பார்கள். திம்புள்ளையில் நிலையான பள்ளிக்கூடத்துக்கு வழி பிறந்தது இப்படித்தான். எந்தத் துரையின் தர்மசிந்தையும் அதற்குக் காரணமன்று. ஆனால் அதே தேயிலைக்குச் சிறுவர்களின் விரல்களும் வேண்டியிருந்தன என்பதால் பள்ளிக்கூடத்தின் கழுத்தும் கூடவே நெரிக்கப்பட்டது.

1907ஆம் ஆண்டுச் சட்டமும் 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுக்கும் கடமையைத் துரைமார் மீது சுமத்தின. 6 வயது முதல் 10 வயது வரை தாய்மொழிக் கல்வி, அவ்வளவே. லயத்தின் கோடியில் ஓர் அறை, அல்லது தகரம் வேய்ந்த கொட்டகை. ஒரே வாத்தியார், ஐந்து வகுப்பு. வாத்தியாரை நியமிப்பவரும் துரை, நீக்குபவரும் துரை. படிப்பித்த நேரம் போக ஆபீசில் எழுத்து வேலையும் அவர் தலையில் விழும். பெரிய கிளாக்கருக்கும் கணக்கப்பிள்ளைக்கும் கீழே, கங்காணிக்குச் சற்று எட்ட, தொழிலாளிக்குச் சற்று மேலே என்று அவருடைய நாற்காலி எங்கும் சரியாகப் பொருந்தாமல் கிடந்தது. 'வாத்தியாரய்யா' என்று அழைத்த மரியாதையைத் தந்தவர்கள் லயத்துச் சனங்கள் மட்டுமே.

துரைமாருக்குப் படிப்பின்மேல் இருந்த அச்சம் காரணமில்லாத அச்சமன்று. தொழிலாளியின் வாழ்க்கை முழுவதும் காகிதத்தில் கட்டுண்டு கிடந்தது. அவன் கடனைக் குறித்த 'துண்டு' ஒரு காகிதம். அதைக் காட்டித்தான் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு அவன் கைமாறினான். 1921இல்தான் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. செக்ரோல் இன்னொரு காகிதம். அன்று முழுப் பேர் விழுந்ததா, அரைப் பேர் விழுந்ததா என்பது அதில் இருந்தது. வாசிக்கத் தெரிந்த பத்து வயதுப் பையன் தன் தாயின் பெயருக்கு எதிரே எழுதியிருப்பதைக் கண்டுகொண்டால் என்ன ஆகும்? வேதாகமத்தை வாசிப்பதற்காகச் சொல்லிக்கொடுத்த அதே அரிச்சுவடி சம்பளக் கணக்கையும் வாசிக்கும். மிஷன் வாத்தியார் முதலாளியின் சந்தாவில் வாழ்ந்தார், கீழ்ப்படிதலைப் போதித்தார் என்ற குற்றச்சாட்டு உண்மையே. எனினும், தாம் போதித்ததை மீறி அவர் செய்த வேலை இது. எழுத்து யார் சொல்லையும் கேட்பதில்லை.

இனி டிசம்பர் மாதத் திம்புள்ளையைப் பார்ப்போம். வாடைக்கால மூடுபனி கிரேட் வெஸ்டர்ன் மலையை மறைத்திருக்கும். இரவில் எலும்பைத் துளைக்கும் குளிர். ஹோலிரூட், லோகி, சமர்செட், சென் கிளயர் என்று தோட்டங்களுக்குப் பெயர். ஊர் ஏக்கம் கொண்ட ஸ்கொத்லாந்துக்காரனும் ஆங்கிலேயனும் தன் ஊர்ப் பெயரை மலைக்குச் சூட்டினான். அவனுக்கு அந்த அதிகாரம் இருந்தது. திருநெல்வேலியிலிருந்து வந்த வாத்தியாருக்கும் ஊர் ஏக்கம் உண்டு. அவர் எந்த மலைக்குச் சாயர்புரம் என்று பெயரிட முடியும்?

துரைக்கு அது கிளப்பும் நடனமும் விருந்தும் நிறைந்த வாரம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சம்பளத்தோடு நீண்ட விடுப்பு. கப்பலேறிச் சீமைக்குப் போய் வருவார். வெளிநாட்டு வாழ்க்கை என்பது அவருக்கு வந்துபோகும் வசதியோடு கூடியது. வாத்தியாருக்கு வழிச்செலவே பெரும் தடை. உறவினர் யாரேனும் அவரைக் காண வந்தாலும் துரையின் அனுமதியின்றித் தோட்டத்துக்குள் நுழைய முடியாது. அத்துமீறல் சட்டம் இருந்தது. ஆகவே அவருடைய நத்தார் லயத்துச் சனங்களோடுதான். அவர்களில் பெரும்பாலோர் மாரியம்மனையும் மாடசாமியையும் வணங்கியவர்கள்; மாசியில் காமன் கூத்து ஆடுகிறவர்கள்; தீபாவளிக்குக் கடன் வாங்குகிறவர்கள். கிறிஸ்தவக் குடும்பங்கள் சிறுபான்மை. பள்ளிக்கூட அறைதான் அன்று ஆலயம். மதம் வேறான பிள்ளைகளும் வாத்தியார் வீட்டுப் பண்டிகைக்கு வருவது இயல்பு. வாத்தியாரும் மாரியம்மன் திருவிழாக் காலத்தில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்க முடியாது. ஒரே லயத்தின் சுவர்கள் அவ்வளவு மெல்லியவை.

வேறொரு வகை வாத்தியாரும் இந்த மலைக்கு வந்தார். தஞ்சாவூரில் ஆசிரியராக இருந்த கோ. நடேசய்யர் 1931இல் ஹட்டனைத் தலைமையிடமாக்கித் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மையோ பாட்டையே பாடமாக்கினார். 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்கு அய்யர் தெரிவானார். அரிச்சுவடியில் தொடங்கிய படிப்பு சம்பளச் சட்டத்துக்கு வந்து சேர்ந்தது. 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற ஸி. வி. வேலுப்பிள்ளை வட்டகொடையின் மடகொம்பரைத் தோட்டத்திலேயே பிறந்தவர். வந்தவர் காலம் முடிந்து, பிறந்தவர் காலம் தொடங்கிவிட்டது என்று அன்று பலரும் நம்பியிருக்கக்கூடும்.

அந்த நம்பிக்கைக்கு ஓராண்டுதான் ஆயுள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இந்த மண்ணில் பிறந்தவர்களையே அந்நியராக்கியது. அதுவரை 'வெளிநாட்டில் ஆசிரியர்' என்பது திருநெல்வேலியிலிருந்து கப்பலேறி வந்தவரைக் குறித்தது. இப்போது திம்புள்ளை லயத்தில் பிறந்து, திம்புள்ளைப் பள்ளியில் படித்து, அதே பள்ளியில் பாடம் சொல்லும் இளைஞனும் வெளிநாட்டில் இருக்கும் ஆசிரியர் ஆனான். கடலையே பார்த்திராதவனுக்கு எது வெளிநாடு? 1945இல் வந்த இலவசக் கல்வியின் பயனும் தோட்டப் பள்ளிக்கூடத்தின் வாசலை எட்டவில்லை. தோட்டப் பள்ளிகளை அரசாங்கம் பொறுப்பேற்க 1970கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பிறகு பேசிக்கொள்ள. யாரைக் கேட்டுப் பங்கிட்டார்கள்? அந்த ஆண்டு நத்தாருக்கு இரண்டு நாள் இருக்கையில், டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவில், தனுஷ்கோடியைப் புயல் விழுங்கியது. பாம்பனிலிருந்து சென்ற புகைவண்டி பயணிகளோடு கடலில் போயிற்று. 1914 முதல் தலைமன்னாரையும் தனுஷ்கோடியையும் இணைத்திருந்த அந்த வழியில்தான் தோட்டத்துச் சனங்கள் ஊருக்குப் போய் வந்தார்கள். போகச் சொல்லி அரசுகள் ஆணையிட்ட ஐம்பத்து நான்காம் நாள், போகும் வழியைக் கடல் அழித்தது. பின்னர் இராமேசுவரத்துக்குக் கப்பல் விட்டார்கள். ஹட்டன் நிலையத்தில் தாயகம் திரும்புவோரை ஏற்றிய வண்டிக்கு அழுகைக் கோச்சி என்று சனங்கள் பெயர் வைத்தார்கள். அதில் வாத்தியார்களும் ஏறினார்கள். நீலகிரியில் இறங்கி மறுபடியும் தேயிலையைப் பார்த்தவர்களுக்கு அங்கே 'சிலோன்காரர்' என்று பெயர்.

1984இல் போரின் காரணமாகக் கப்பலும் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு போக முடியாமல் தங்கியவர்கள் பலர். 1964 அக்டோபர் 30 முதல் நாட்டில் நிலையாக வாழ்ந்துவரும் இந்திய வமிசாவளியினரைப் பிரஜைகளாக ஏற்கும் 35ஆம் இலக்கச் சட்டம் 2003இல் நிறைவேறியது. ஒப்பந்தம் கையெழுத்தான ஆண்டில் 21 வயதில் தோட்டப் பள்ளியில் சேர்ந்து, பிறகு இப்படித் தங்கிப்போன ஓர் ஆசிரியருக்கு அப்போது வயது 60. பள்ளி ஆசிரியர்கள் ஓய்வு பெறும் வயது. பிறந்த மலையிலேயே அறுபது நத்தார்களைக் கண்டவர், சட்டத்தின் கணக்கில், சொந்த நாட்டில் முதல் நத்தாரைக் கண்டது அந்த டிசம்பரில்தான்.