கல்லூரித் தமிழும் விலையில்லா நூல்களும்

அச்சு வருமுன் தமிழில் நூலுக்கு விலை என்பது பெரும்பாலும் கிடையாது, எழுதுகூலிதான் உண்டு. ஏடு வைத்திருந்தவரிடம் இரவல் பெற்று, ஓலை வாரி எழுத்தாணி கொண்டு தாமே படியெடுத்துக் கொண்ட மாணாக்கர்க்கு அந்தக் கூலியும் மிச்சம். திருவாவடுதுறை ஆதீனத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) பாடம் சொன்ன காலத்தில், சொல்லுதற்குப் பொருள் கேட்டதுமில்லை, கேட்போர்க்கு நூல் மறைத்ததுமில்லை. ஆயினும் அந்த ஏடு ஒரு மடத்திலோ ஒரு புலவர் வீட்டுப் பரணிலோதான் இருக்கும். விலையில்லை என்பதனால் மட்டும் ஒரு நூல் எல்லார்க்கும் எட்டிவிடுவதில்லை என்பதை இங்கேயே குறித்துக் கொள்வோம். பின்னர் இது நமக்கு வேண்டும்.

அப்பிள்ளையவர்களின் மாணாக்கராகிய உ.வே. சாமிநாதையர் 1880ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரிக்குத் தமிழாசிரியராகச் சென்றார். 1887இல் சீவக சிந்தாமணி, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு என அவர் பதிப்பித்த நூல்கள் கல்லூரித் தமிழின் முகத்தையே மாற்றின. கையொப்பம் சேர்த்து, முன்பணம் பெற்று, கடன்பட்டு அச்சேற்றியவை அவை. அச்சு நூலைப் பெருக்கியது. அதனோடு விலையையும், பதிப்புரிமை என்னும் சட்டப்பொருளையும் கொண்டுவந்தது.

நம் மலாயாவில் கல்லூரித் தமிழ் மிகப் பின்னரே பிறந்தது. மலாயாப் பல்கலைக்கழகம் 1949இல் சிங்கப்பூரில் தோன்றிற்று. அதில் அமையவிருந்த இந்தியவியல் துறையில் வடமொழிக்கே முதலிடம் தரலாம் என்று ஒரு பரிந்துரை எழுந்தபோது, 'தமிழ் முரசு' ஆசிரியர் தமிழவேள் கோ. சாரங்கபாணி அதனை எதிர்த்துப் பெருங்கிளர்ச்சி செய்தார். 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டப்பட்டது. தோட்டத் தொழிலாளர் முதல் வணிகர் ஈறாகக் கொடுத்தனர். 1956இல் துறை திறக்கப்பட்டது. நிதி பல்கலைக்கழக நூலகத்துக்குத் தமிழ் நூல்கள் வாங்கப் பயன்பட்டது. பால்மரம் வெட்டியவன் தன் பிள்ளை ஒருநாளும் காணாத கல்லூரிக்குப் புத்தகம் வாங்கித் தந்தான் என்பது நம் வரலாற்றில் சிறு செய்தியன்று. பின்னர்த் துறை கோலாலம்பூருக்கு வந்தது. 1961இல் தனிநாயகம் அடிகளார் அதன் தலைமையேற்றார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு இங்கே கூடிற்று.

ஆயினும் அந்த நூல்கள் பந்தாய்ப் பள்ளத்தாக்கில் இருந்தன. அம்பாங்கிலிருந்து அது நெடுந்தொலைவன்று. இருந்தும் மாலை வரை வகுப்பும் அதன்பின் கணக்கேடும் உள்ள தோட்டப்பள்ளி ஆசிரியனுக்குக் காசியை ஒத்தது. ஆசிரியர் பயிற்சியின்போது குறுந்தொகை உரையின் சில பக்கங்களை நோட்டுப் புத்தகத்தில் கையால் எழுதிக் கொண்டவர்கள் என் வயதினரில் பலர். ஏட்டுக் காலம் நமக்குள் நீண்டநாள் நீடித்தது என்றே சொல்லலாம்.

நூலின் உரிமையைப் பொதுவாக்கும் எண்ணம் எங்கிருந்து வந்தது? இதில் தமிழ்நாடு உலகுக்கே முன்னோடி. பாரதியார் 1921இல் மறைந்தார். அக்காலச் சட்டப்படி அவர் எழுத்தின் உரிமை 1971 வரை தனியாரிடம் கிடந்திருக்க வேண்டும். ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்த 1949இல் சென்னை அரசு அவ்வுரிமையை வாங்கிற்று. பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமையைத் தம்மிடம் வைத்திருந்த ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் ஈடு பெறாமலே அதனை விட்டுக்கொடுத்தார். ஒரு புலவரின் எழுத்தை அரசு விலை கொடுத்து வாங்கி மக்களுடைமையாக்கியது அதுவே முதல் முறை. பாரதிதாசன், கல்கி, புதுமைப்பித்தன் என அந்த வரிசை வளர்ந்து, 100க்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் நூல்கள் நாட்டுடைமை ஆகியுள்ளன. இதன் பயன் அச்சகத்தாருக்கே முதலில் கிட்டியது. மலிவுப் பதிப்புகள் பெருகின. மலிவு எனினும் விலை விலைதானே! கப்பலேறி இங்கு வந்து சேர்வதற்குள் அது இருமடங்காகிவிடும்.

அடுத்த பூட்டு எழுத்திலேயே இருந்தது. கணினி வந்த நாளில், ஒருவர் ஒரு தமிழ் எழுத்துருவில் அடித்ததை மற்றொருவர் கணினி வெறுங் குறிகளாகக் காட்டும். இந்தப் பூட்டைத் திறந்தவர்களில் நம் கிள்ளான் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவர் முதன்மையாக நிற்கிறார். மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியத்தைத் தொகுத்த புலவர் முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன், 1985இலேயே 'முரசு' மென்பொருளை உருவாக்கினார். 1990களின் இறுதியில் உலகெங்குமிருந்த தமிழர் மின்னஞ்சல் வழி விவாதித்து 'திஸ்கி' என்னும் பொதுக் குறியீட்டு முறையை வகுத்தனர். பின்னர் யூனிக்கோடு அதன் இடத்தைப் பிடித்தது. 2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே கூடியது. 1966ஐ நினைவில் வைத்திருப்போர் 2001ஐ அவ்வளவாக நினைப்பதில்லை. கல்லூரி மாணவரைப் பொறுத்த வரையில் இரண்டாவதன் பயன் குறைந்ததன்று என்பது என் கருத்து.

1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கிற்று. தொடங்கியவர் தமிழ்ப் பேராசிரியர் அல்லர். சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் வேதியியல் ஆய்வு செய்துவந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் அவர்கள். ஓய்வு நேரத்தில் தட்டச்சு செய்ய ஒருவர், மெய்ப்புப் பார்க்க மற்றொருவர் என்று பல நாடுகளிலுள்ள தொண்டர்கள் ஊதியமின்றி உழைத்தனர். அமெரிக்காவில் மைக்கேல் ஹார்ட் 1971இல் தொடங்கிய குட்டன்பர்க் திட்டம் ஆங்கில நூல்களுக்குச் செய்ததை இவர்கள் தமிழுக்குச் செய்தனர். 700க்கும் மேற்பட்ட மின்பதிப்புகள் அதில் உள்ளன. அரசும் பல்கலைக்கழகமும் முன்வராத வேளையில் தனி மனிதர் தொடங்கிய தொண்டு இது.

அரசும் நெடுநாள் தாமதிக்கவில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் இணையவழிப் பல்கலைக்கழகம் ஒன்று அமையும் என அறிவிக்கப்பட்டது. முனைவர் வா.செ. குழந்தைசாமி முன்னின்று உருவாக்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம் 2001 பிப்ரவரி 17இல் திறக்கப்பட்டது. (2010இல் அது தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் மாறிற்று.) சான்றிதழ் முதல் தமிழியல் இளங்கலைப் பட்டம் வரை பாடங்கள் எழுதப்பெற்று இணையத்தில் வைக்கப்பட்டன. தேர்வெழுதிப் பட்டம் பெற விரும்புவோர் கட்டணம் செலுத்தலாம். பாடத்தைப் படிக்க யாரும் ஒரு காசும் தர வேண்டியதில்லை. சங்க நூல்கள் பழைய உரைகளோடு மின்னூலகத்தில் கிடைத்தன.

இங்கே ஓர் ஆண்டுக் கணக்கைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. தன் பாடங்களை எல்லாம் இணையத்தில் இலவசமாக வைக்கப்போவதாக உலகுக்கு அறிவித்தது 2001 ஏப்ரலில்தான். அந்தச் செய்தியை ஏடுகள் எல்லாம் புகழ்ந்தன. அதற்கு ஏறத்தாழ இரண்டு திங்கள் முன்பே கல்லூரித் தமிழ்ப்பாடத்துக்கு அத்தகைய கதவு திறந்தாயிற்று. அளவில் இரண்டும் ஒப்பல்ல. காலத்தில் நாம் பின்தங்கியவரல்லர்.

'திறந்த கல்வி வளம்' என்ற பெயர் 2002இல் யுனெஸ்கோ கூட்டிய கருத்தரங்கில் பிறந்தது. விலையின்றிப் படிக்கலாம் என்பதோடு அப்பெயரின் பொருள் முடிவதில்லை. ஆசிரியர் தாம் விரும்பியவாறு திருத்தலாம், வேறொரு பாடத்தோடு சேர்க்கலாம், படியெடுத்துப் பிறர்க்கு வழங்கலாம். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், படிக்கத் திறந்திருக்கும் பல தமிழ்ப் பக்கங்கள் மாற்றியமைக்கத் திறந்தவை அல்ல. தமிழ் இணையக் கல்விக்கழகம் நாட்டுடைமை நூல்கள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவற்றைக் கட்டற்ற உரிமத்தில் விக்கிமூலத்துக்கு வழங்கியபோதுதான் 1949இல் தொடங்கிய செயல் அதன் முழுப்பொருளைப் பெற்றது. பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியமும் இன்று விலையின்றிப் படிக்கக் கிடைக்கிறது. தமிழ்வழிக் கல்லூரிகளுக்கென்று தமிழ்நாட்டில் எழுதப்பட்ட இயற்பியல், பொருளியல், வரலாற்றுப் பாடநூல்களும் மின்னூலகத்தில் உள்ளன. அவற்றின் கலைச்சொற்களை அறிவியல் கற்பிக்கும் நம் ஆசிரியர்கள் பார்த்தால் வியப்படைவர்.

குறையும் சொல்லவேண்டும். பழைய அச்சுப் பக்கத்தைக் கணினியே படித்து எழுத்தாக்கும்போது கால் எழுத்து ரகரமாகிவிடும்; 'பாடல்' 'பரடல்' ஆகும். இதனை அப்படியே வகுப்புக்குக் கொண்டுசெல்லும் பயிற்சி ஆசிரியர்களைக் கண்டிருக்கிறேன். மின்பதிப்பு எந்த அச்சுப் பதிப்பிலிருந்து எடுக்கப்பட்டது என்று கேட்காமல் பாடம் நடத்துவது, ஏட்டைப் பார்க்காமல் உரை சொல்வதற்கு ஒப்பாகும்.

ஓரிடத்தில் மட்டும் நூல் இருப்பதன் இடர் இன்னது என்பதை யாழ்ப்பாணம் அறியும். 1981 ஜூன் முதல் நாளின் இரவில் அங்குப் பொதுநூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 2005இல் இலங்கைத் தமிழர் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகம் சிற்றிதழையும் விழா மலரையும் பள்ளிக்கூட ஆண்டிதழையும்கூட விட்டுவைக்காமல் படமெடுத்துச் சேர்க்கிறது. சிங்கப்பூரார் 2015இல் தம் நாட்டின் பொன்விழாவை ஒட்டி, அரை நூற்றாண்டில் அங்கு வெளிவந்த தமிழ் இலக்கிய நூல்கள் ஏறத்தாழ 350ஐ மின்வடிவாக்கித் தேசிய நூலகத்தில் வைத்தனர். பழைய 'தமிழ் முரசு' இதழ்களும் அங்கே படிக்கக் கிடைக்கின்றன.

நம் நிலை என்ன? சங்கப் பாட்டு வேண்டும் மாணவனுக்கு அது கைப்பேசியில் வருகிறது. மலேசியத் தமிழ் இலக்கியம் பயிலும் அதே மாணவன், மங்கிய நகலின் நகலைத் தேடி அலைகிறான். இரண்டாயிரம் ஆண்டு பழைய நூல் கிட்டுகிறது. அவன் பாட்டன் வாங்கிப் படித்த கதைநூல் கிட்டவில்லை. 1924இல் தோன்றிய 'தமிழ் நேசன்' 2019இல் நின்றுபோனது. அதன் பக்கங்களில்தான் நம் சிறுகதையின் பெரும்பகுதி கிடக்கிறது.

இதற்குச் சட்டத்தைப் பழி சொல்வோர் உளர். தமிழ் நூல்களின் உரிமையை அரசே வாங்கிப் பொதுவாக்கும் வழக்கம் நம் நாட்டில் இல்லை என்பது மெய். ஆனால் நம் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஆசிரியர் மறைந்து 50 ஆண்டுகளோடு உரிமையை முடித்துவிடுகிறது. இந்தியாவில் அது 60, சிங்கப்பூரில் 70. ஆகவே 1974க்குள் மறைந்தோர் தம் பெயரில் எழுதி வெளியிட்டவை இங்கே யாருடைய இசைவும் வேண்டாமல் படியெடுக்கத் தக்கவை. க. வெங்கடரத்தினம் 1917இல் எழுதிய 'கருணாசாகரன்' நம் நாவல் வரலாற்றின் தொடக்கம் என்று ஒவ்வொரு மாணவனும் தேர்வில் எழுதுகிறான். அதனைப் படித்தவர் எத்தனை பேர்? சாரங்கபாணி மறைந்தது 1974 மார்ச்சில். அவர் எழுத்துகளின் உரிமை இங்கே 2024 இறுதியோடு தீர்ந்தது; சிங்கப்பூரில் 2044 வரை நிற்கும். பல்கலைக்கழக நூலகத்துக்கு நூல் சேர்த்துத் தந்தவரின் எழுத்தை மாணவர்க்கு விலையின்றித் தருவதில் இப்போது நம்மைத் தடுக்கும் சட்டம் எதுவுமில்லை.

வேண்டுவது கைகள். விக்கிமூலத்தில் ஒரு பக்கத்தை ஒருவர் திருத்தினால் அது மஞ்சள் நிறம் பெறும். வேறொருவர் மீண்டும் பார்த்து ஒப்பினால் பச்சையாகும். பழக்கமுள்ளவர் ஒரு பக்கத்தைக் கால்மணி நேரத்தில் முடிப்பர். பயிற்சி ஆசிரியர் ஒருவர் பருவமொன்றுக்கு இருபது பக்கம் என்று ஏற்றாலும், முப்பது பேர் கொண்ட ஒரு வகுப்பு அறுநூறு பக்கத்தை முடித்துவிடும். பழைய மலாயாத் தமிழ்க் கதைநூல்கள் அவ்வளவு பெரியவை அல்ல. மூன்று நான்கு நூல்கள் அதற்குள் அடங்கும். வீட்டு அலமாரியில் 1974க்கு முன் மறைந்த எழுத்தாளரின் நூல் வைத்திருப்போர், கறையான் முந்திக்கொள்ளுமுன் அதன் முதற்பக்கத்தையும் பதிப்பாண்டையும் மட்டுமாவது படமெடுத்து அருகிலுள்ள தமிழாசிரியரிடம் காட்டலாம்.