முதல் நாவலும் பாயிரம் உரைத்தோரும்

கொங்கு நாட்டின் இருபத்து நான்கு உட்பிரிவுகளுள் ஒன்று பொங்கலூர்க்கா நாடு. அப்பெயரை இன்றும் தாங்கி நிற்கும் பொங்கலூர், பல்லடத்திற்கும் காங்கயத்திற்கும் இடையே பெருவழியில் அமைந்துள்ளது. 2009 இல் அமைந்த திருப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த இப்பகுதி மக்களுக்கு இன்று விசைத்தறியும் பின்னலாடையும் பெருந்தொழில்கள். முக்கால் நூற்றாண்டிற்கு முன்போ சோளமும் கம்பும் பருத்தியும் விளையும் காடுகளும், கவலை இறைத்துப் பாசனம் செய்த தோட்டங்களுமே இவ்வட்டாரத்தின் செல்வம். இவ்வாழ்வையும் இம்மக்களின் பேச்சையும் நாவலுக்குள் கொணர்ந்தவர், தாராபுரத்தை அடுத்த கீரனூரில் பிறந்த ஆர். சண்முகசுந்தரம் (1917-1977). அவருடைய முதல் நாவலாகிய ‘நாகம்மாள்’ 1942 இல் வெளிவந்தது.

இந்நாவலின் இலக்கியச் சிறப்பைப் பலர் ஆராய்ந்துள்ளனர். பெயர் அறியப்படாத ஓர் இளைஞரின் முதல் நூல் எவ்வாறு நிலைபெற்றது என்பதோ போதிய அளவு ஆராயப்படவில்லை. நல்ல நூல் தானே நிற்கும் என்பர் ஒரு சாரார். விளம்பரம் உடையதே நிற்கும் என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டும் முழு உண்மை அல்ல என்பதே நம் கருத்து. அதனை நிறுவுதற்கு முதற்கண் நம் மரபு இதுபற்றிக் கூறுவதை நோக்குவோம்.

பாயிர மரபு

நூல் ஒன்று அவைக்கு வரும்போது அதனை அறிமுகம் செய்வோன் ஆசிரியன் அல்லன், பிறன் ஒருவனே. தொல்காப்பியத்திற்குப் பாயிரம் உரைத்தவர் பனம்பாரனார். நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் கேட்க அந்நூல் அரங்கேறிய செய்தியை அப்பாயிரத்தாலேயே நாம் அறிகிறோம். தன் நூலைத் தானே புகழ்தல் தகாது என விலக்கிய நன்னூல், சிறப்புப் பாயிரம் செய்தற்கு உரியோர் நால்வர் எனவும் வரையறுக்கிறது. அவர்கள் நூலாசிரியனுடைய ஆசிரியர், உடன் கற்றோர், மாணாக்கர், உரைகாரர் ஆவர்.

இவ்விதியை வெறும் சடங்கு எனக் கருதுதல் பொருந்தாது. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகியவற்றைக் கூறுதல் சிறப்புப் பாயிரத்தின் கடன். எனவே பாயிரம் உரைப்போன் புகழ்வதோடு அமைவதில்லை. இந்நூல் இன்னது, இன்னார்க்கு உரியது எனத் தெளிவிக்கிறான். கற்றோர் அவையில் தன் பெயரைப் பிணையாக வைத்துப் பேசுகிறான்.

அச்சுக் காலத்தில் நேர்ந்த மாற்றம்

அச்சு வந்தபின் அரங்கேற்றம் அருகிற்று; ஆதரிப்போர் தேவை அருகவில்லை. 1887 இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், நூலை வாங்கிக்கொள்வதாக முன்கூட்டியே பலரிடம் கையொப்பம் பெற்றார். ஒரு வள்ளல் முழுப் பொருளும் நல்கிய நிலை மாறி, பலர் சிறிது சிறிதாகத் தாங்கும் நிலை இதனால் உருவாயிற்று.

நாவல் புத்திலக்கிய வகை ஆதலின், அதற்கு வேறு வகை ஆதரவும் வேண்டியிருந்தது. மாயூரத்தில் முன்சீப்பாக விளங்கிய வேதநாயகம் பிள்ளை, 1879 இல் ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை வெளியிடுமுன்பே நீதி நூலால் அறிமுகமானவர். அத்தகைய முன்பெயர் இல்லாத இளைஞர்க்கு இதழாசிரியரே துணையாயினர். இருபது வயதைச் சிறிதே கடந்த ராஜமையருக்கு, சி.வி. சுவாமிநாதையர் தம் ‘விவேக சிந்தாமணி’யில் இடம் அளித்தார். 1893 முதல் 1895 வரை அவ்விதழில் தொடர்ந்து வந்த கதையே 1896 இல் ‘கமலாம்பாள் சரித்திரம்’ என நூல்வடிவம் பெற்றது. அதே இதழில் அ. மாதவையா 1892 இல் தொடங்கிய ‘சாவித்திரி சரித்திரம்’ இடையில் நின்றுபோயிற்று. 1903 இல் ‘முத்துமீனாக்ஷி’ எனப் புதுப்பெயருடன் நூலாக வெளிவந்தது. முதல் முயற்சியின் போக்கு, அதனைத் தாங்குவோர் கையில் எவ்வளவு தங்கியிருந்தது என்பதற்கு இவ்விரு நிகழ்ச்சிகளும் சான்று.

பின்னர் வார இதழ்கள் பெருகின. 1937 இல் ‘ஆனந்த விகடன்’ இதழில் வந்த ‘கள்வனின் காதலி’யால் கல்கி பெருந்தொகையான வாசகரைப் பெற்றார். வாரந்தோறும் காத்திருந்து படிக்கும் கூட்டம் உருவானது. இத்தகைய கூட்டத்தின் துணை ‘நாகம்மா’ளுக்குக் கிட்டவில்லை. அது வெளிவந்த 1942 ஆம் ஆண்டோ உலகப் போரின் நெருக்கடி மிகுந்த காலம். காகிதத் தட்டுப்பாடு நிலவிற்று; சப்பானியர் தாக்கக்கூடும் என்ற அச்சத்தால் அவ்வாண்டு ஏப்பிரலில் சென்னை மக்கள் பெருந்திரளாக நகரை விட்டு வெளியேறினர்.

நாவலின் பொருளும் அதன் இடர்ப்பாடும்

நாகம்மாள் கணவனை இழந்த உழவர் குலப் பெண். கணவனின் தம்பி சின்னப்பன் குடும்பத்தோடு வாழ்ந்துவரும் அவள், நிலத்தில் தனக்குரிய பங்கைப் பிரித்துத் தருமாறு கேட்கிறாள். கெட்டியப்பனின் தூண்டுதலும் சேர, பூசல் முற்றிக் கொலையில் முடிகிறது. கைம்பெண் பங்கு கேட்பதே அக்காலத்தில் கதைக்குப் புதிது. 1937 ஆம் ஆண்டின் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் கைம்பெண்ணுக்குக் கணவன் பங்கில் உரிமை வழங்கிற்று. ஆயினும் மாகாணங்களிலுள்ள வேளாண் நிலத்திற்கு அது செல்லாது எனக் கூட்டாட்சி நீதிமன்றம் 1941 இல் கருத்துரைத்தது. அதற்கு அடுத்த ஆண்டே நாகம்மாள் நூலுருவில் வந்து, வேளாண் நிலத்திலேயே பங்கு கேட்டாள். ஆசிரியர் சட்டத்தை மனத்திற்கொண்டு எழுதினார் என்று நாம் கூறவரவில்லை. ஊரில் புகைந்துகொண்டிருந்த வழக்கு ஒன்று இலக்கியத்தில் இடம்பெற்ற காலத்தைச் சுட்டுவதே நம் நோக்கம்.

மொழியும் ஓர் இடர்ப்பாடே. கொங்கு நாட்டில் ‘காடு’ என்பது மானாவாரி நிலம். ‘தோட்டம்’ கிணற்றுப் பாசன நிலம். ‘சாளை’ தோட்டத்துக் குடிசை. இச்சொற்களைப் பொங்கலூர் உழவர் உரை இன்றி உணர்வர். தஞ்சைவாசகரோ சென்னைவாசகரோ ‘காடு’ எனப் படித்தால் வனத்தையே எண்ணுவர். எனவே அயலாருக்கு இந்நாவலைக் காட்டிப் படிக்கச் செய்யும் ஒருவர் இன்றியமையாதவர் ஆயினர்.

பாயிரம் உரைத்தோர்

அக்கடனை முதலில் ஏற்றவர் கு.ப. ராஜகோபாலன் (1902-1944). சண்முகசுந்தரத்தின் முதற் சிறுகதையான ‘நந்தா விளக்கு’ மணிக்கொடியில் வெளிவந்தது, கு.ப.ரா. மணிக்கொடி எழுத்தாளருள் தலையாயவர். இருவருக்கும் இடையே பதினைந்து ஆண்டு வேறுபாடு. ஆதலால் அவரை ஆசிரியர் நிலையிலும் வைக்கலாம். ஒரே இதழ்ப் பள்ளியினர் என்பதால் உடன் கற்றோர் நிலையிலும் வைக்கலாம். அவர் கும்பகோணத்தைச் சேர்ந்தவர். கொங்கு வழக்கு அவர்தம் வழக்கு அன்று. அவ்வாறிருந்தும் ‘நாகம்மா’ளுக்கு முன்னுரை வழங்கினார். பெண்ணின் உள்ளத்தைத் தம் சிறுகதைகளில் நுணுகி ஆராய்ந்தவர் ஒரு கைம்பெண் கதைக்கு முன்னுரை அளித்தது வாசகருக்கு ஒரு குறிப்பாகவும் அமைந்தது. வட்டாரச் சொல் தடுத்தாலும் உள்ளே இருப்பது எல்லோர்க்கும் உரிய வாழ்வே என்பதற்கு அவர் பெயரே பிணை. ஈராண்டுகளில் அவர் மறைந்தார், அப்பிணை மறையவில்லை.

இரண்டாவது துணை வீட்டிலேயே இருந்தது. சண்முகசுந்தரமும் அவர்தம் உடன்பிறந்த ஆர். திருஞானசம்பந்தமும் கோவையில் ‘புதுமலர் நிலையம்’ என்னும் பதிப்பகத்தையும் ‘வசந்தம்’ என்னும் இதழையும் நடத்தினர். சென்னையை நம்பியிராமல் கொங்கு மண்ணிலேயே அச்சுக்கும் இதழுக்கும் வழி தேடிக்கொண்ட முயற்சி இது. நன்னூல் கூறும் நால்வருள் பதிப்பாளருக்கு இடம் இல்லை. அச்சுக் காலம் சேர்த்த ஐந்தாமவர் அவர் எனலாம்.

மூன்றாமவர் க.நா. சுப்ரமண்யம் (1912-1988). நூல் வெளிவந்த நாளோடு ஆதரவு முடிந்திருந்தால் ‘நாகம்மாள்’ மறக்கப்பட்டிருத்தல் கூடும். க.நா.சு. தம் திறனாய்வுக் கட்டுரைகளில் தமிழின் சிறந்த நாவல்களை எண்ணும்போதெல்லாம் இதனையும் சேர்த்தே எண்ணினார். விற்பனையால் அளக்கப்பட்ட தொடர்கதைகளுக்கு எதிரே, வேறோர் அளவுகோலுக்குச் சான்றாக இதனை நிறுத்தினார். நன்னூல் முறைப்படி இவர் உரைகாரர் நிலையினர். எஞ்சிய மாணாக்கர் நிலை, சண்முகசுந்தரத்தின் படைப்புகளை முனைவர்ப் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பெருமாள்முருகனைச் சாரும். அவரும் கொங்கு நாவலாசிரியர் என்பதால் மரபுத் தொடர்ச்சியும் இதில் உண்டு.

புகழ் வரைந்த எல்லை

ஆதரவாளர் உரைத்த பாயிரம் நன்மை மட்டுமே பயந்தது என முடித்தலும் தகாது. ‘முதல் வட்டார நாவல்’ என்னும் அடைமொழி இந்நூலுக்குத் திறனாய்வு உலகில் நிலைத்துவிட்டது. கா.சி. வேங்கடரமணியின் ‘முருகன் ஓர் உழவன்’, சங்கரராமின் ‘மண்ணாசை’ முதலியவை சிற்றூர் உழவர் வாழ்வை முன்னரே எழுதியிருப்பினும், மக்கள் பேச்சை நாவலின் உயிராகக் கொண்ட வகையில் அவ்வடைமொழிக்கு ஓரளவு பொருத்தம் உண்டு. ஆயினும் அதுவே நூலைக் குறுக்கவும் செய்தது. சொத்துரிமை, கைம்மை, உறவின் சிதைவு ஆகிய பொதுப்பொருள்கள் பின்தள்ளப்பட்டு, சொல்வழக்கே முன்னிறுத்தப்பட்டது. ‘அறுவடை’, ‘சட்டி சுட்டது’ முதலிய பின்னூல்களும் முதல் நூலின் நிழலிலேயே நோக்கப்பட்டன. பாயிரம் நூலுக்கு வாயில். வாயிலையே வீடு எனக் கொள்ளுதல் படிப்போர் குற்றம்.

முடிபு

‘நாகம்மாள்’ தன் தகுதி ஒன்றால் மட்டும் நின்றதும் அன்று. ஆரவாரத்தால் நின்றதும் அன்று. தம் பெயரைப் பிணை வைத்த ஒருவரும், இல்லத்தில் தோன்றிய ஒரு பதிப்பகமும், பல்லாண்டு விடாது எடுத்துரைத்த ஒரு திறனாய்வாளரும் அதனைத் தாங்கினர். தகுதி இல்லாத நூலாயின் இத்துணை நீண்ட காலம் அவர் சொல் எடுபட்டிராது. இத்துணை இல்லையாயின் அத்தகுதி வெளிப்பட நெடுங்காலம் சென்றிருக்கும்.

ஆகவே முதற்பதிப்பு முன்னுரைகளையும் மதிப்புரைகளையும் நூலின் புறத்தே கிடப்பன என ஆராய்ச்சியாளர் ஒதுக்குதல் ஆகாது. மறுபதிப்புச் செய்வோர் பழைய முன்னுரையை விட்டுவிடும் வழக்கமும் உண்டு. பனம்பாரனார் பாயிரம் ஏட்டில் விடுபட்டிருப்பின் தொல்காப்பியரின் அவையை நாம் அறிந்திருக்க மாட்டோம். நாவல்களின் முதற்பதிப்பு முன்னுரைகளைத் தேடித் தொகுத்தல் இளம் ஆய்வாளர் மேற்கொள்ளத்தக்க பணி. கொங்கு நாட்டு நூல்களிலிருந்தே அதனைத் தொடங்கலாம்.