போதை மீட்பு ஆலோசனை உதவியாளர்: ஒஹாயோ மாநிலத்தின் சான்றிதழும் மேற்பார்வையும்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் குடியிலிருந்தோ போதைப்பொருளிலிருந்தோ மீள நினைத்து ஒரு சிகிச்சை மையத்துக்குப் போகிறவர், அங்கே மருத்துவரைச் சில நிமிடங்கள் பார்ப்பார். மணிக்கணக்கில் எதிரே உட்கார்ந்து பேசுபவர் பல நேரங்களில் வேறொருவர். 'கெமிக்கல் டிபென்டன்சி கவுன்சலர் அசிஸ்டென்ட்' என்பது அவருடைய பதவிப் பெயர். தொழில் வட்டாரத்தில் சி.டி.சி.ஏ. என்று சொன்னால்தான் புரியும். இந்த வேலைக்குக் கல்லூரிப் பட்டம் தேவையில்லை. மாநில வாரியத்தின் சான்றிதழ் வேண்டும். அதற்கு முதலில் முடிக்க வேண்டிய படிப்பு 40 மணி நேரம்.

நாற்பது மணி நேரம் போதுமா? போதாது. ஆகவேதான் உதவியாளர் எந்தக் கட்டத்திலும் தனியாகத் தொழில் நடத்தக் கூடாது, தகுதியுள்ள ஒருவரின் மேற்பார்வையில் மட்டுமே வேலை செய்ய வேண்டும் என்று சட்டம் கட்டிவைத்திருக்கிறது. இந்தச் சான்றிதழின் பாதி மதிப்பு அதை வைத்திருப்பவரிடம் இருக்கிறது. மறுபாதி அவருடைய மேற்பார்வையாளரிடம் இருக்கிறது.

பட்டம் இல்லாதவரைச் சிகிச்சை அறைக்குள் அனுமதிக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒஹாயோவிலேயே விடை உண்டு. 1935 மே மாதம் அக்ரன் நகரில், குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்த நியூயார்க் பங்குத் தரகர் பில் வில்சன், குடியை விட முடியாமல் தவித்த அறுவை மருத்துவர் பாப் ஸ்மித்தைச் சந்தித்தார். சந்திப்பை ஏற்பாடு செய்தவர் ஹென்ரியெட்டா சைபர்லிங் என்ற பெண்மணி. அந்தப் பேச்சிலிருந்து பிறந்ததுதான் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்'. பாப் ஸ்மித் கடைசியாகக் குடித்த நாளாகச் சொல்லப்படும் 1935 ஜூன் 10ஐ அந்த அமைப்பு தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. நான்கு ஆண்டுகள் கழித்து, அதே நகரின் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில், கன்னியாஸ்திரி இக்னேஷியா குடிநோயாளிகளை உள்நோயாளிகளாகச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கினார். குடித்து மீண்டவர் இன்னொரு குடிநோயாளிக்கு உதவ முடியும் என்ற நம்பிக்கை அங்கிருந்து நாடெங்கும் பரவியது.

நம்பிக்கை சம்பள வேலையாக மாறியது மின்னசோட்டாவில். 1954இல் அந்த மாநில அரசு குடிநோய் ஆலோசகர் என்ற பணியிடத்தை உருவாக்கியது. வில்மர் அரசு மருத்துவமனையில் மீண்டு வந்தவர்கள் மருத்துவர்களோடும் உளவியலாளர்களோடும் ஒரே குழுவில் சம்பளத்துக்கு வேலை பார்த்தார்கள். 1970இல் ஹியூஸ் சட்டம் வந்து குடிநோய்ச் சிகிச்சைக்கு மத்திய அரசுப் பணம் பாயத் தொடங்கியதும் மையங்கள் பெருகின. அப்போதுதான் ஒரு சங்கடமான கேள்வி எழுந்தது: தான் மீண்டது ஒருவருக்கு இன்னொருவரை மீட்கும் தகுதியைத் தந்துவிடுமா? சான்றிதழ்களும் தேர்வுகளும் இந்தக் கேள்விக்குப் பதிலாக வந்தவை.

ஒஹாயோவில் இதற்கென 2002இல் சட்டம் இயற்றி ஒரு தனி வாரியத்தை அமைத்தார்கள். மாநிலச் சட்டத் தொகுப்பின் 4758ஆம் அத்தியாயம் அதன் அடித்தளம். சி.டி.சி.ஏ. சான்றிதழை வாரியம் இரண்டு கட்டமாகத் தருகிறது. 40 மணி நேரப் படிப்பை முடித்தவருக்குத் தற்காலிகச் சான்றிதழ் கிடைக்கும். ஆயுள் 13 மாதம். அதைப் புதுப்பிக்க முடியாது. அந்தக் காலத்துக்குள் மேலும் 30 மணி நேரம் படித்தால் இரண்டாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கக்கூடிய முழுச் சான்றிதழ். குற்றப் பின்னணிச் சோதனையும் உண்டு.

அந்த நாற்பது மணி நேரத்தைப் பிரித்துப் பார்த்தால் வாரியத்தின் மனம் புரியும். சிகிச்சை முறைகளுக்கு 9, தொழில் நெறிக்கு 6, தனிநபர் ஆலோசனைக்கு 6, போதை பற்றிய அறிவுக்கு 5, மதிப்பீட்டுக்கு 4, சேவை ஒருங்கிணைப்புக்கு 4, குழு ஆலோசனைக்கு 3, பதிவேடுகளுக்கு 3. குழு ஆலோசனைக்கு மூன்றே மணி நேரம் என்பது இடிக்கிறது, ஏனென்றால் பெரும்பாலான மையங்களின் அன்றாடமே குழுக் கூட்டங்கள்தான். மத்திய அரசின் சாம்ஹ்சா நிறுவனம் 1998இல் வெளியிட்டுப் பின்னர் திருத்திய கையேடு ஒன்று, போதை ஆலோசகருக்கு இருக்க வேண்டிய திறன்களை எண்ணி 123 என்கிறது. நியூயார்க்கில் முழு ஆலோசகர் சான்றிதழுக்கு 350 மணி நேரக் கல்வி வேண்டும். ஒஹாயோவின் 40 உதவியாளருக்கானது என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்துவது நியாயமாகாது; ஆனால் இடைவெளி எவ்வளவு என்பது தெரிகிறது. அந்த இடைவெளியை மேற்பார்வையால் நிரப்ப வேண்டும்.

சட்டம் உதவியாளருக்குத் தாராளமாகவே இடம் கொடுக்கிறது. மதிப்பீடு, சிகிச்சைத் திட்டம், நெருக்கடி நேர உதவி, தனி ஆலோசனை, குழு ஆலோசனை, விழிப்புணர்வு வகுப்பு எல்லாவற்றிலும் அவர் பங்கு பெறலாம். நோய் இன்னதென்று முடிவு செய்து எழுதும் அதிகாரம் கிடையாது. போதை சாராத மனநலச் சிக்கல் தென்பட்டால் உரியவரிடம் அனுப்பிவைக்க வேண்டும். மேற்பார்வை செய்யத் தகுதியுள்ளவர்களின் பட்டியலில் தனித்துச் செயல்படும் உரிமம் பெற்ற போதை ஆலோசகர், மருத்துவர், உளவியலாளர், பதிவுபெற்ற செவிலியர், தனி உரிமமுள்ள சமூகப் பணியாளர் போன்றோர் இருக்கிறார்கள். பட்டியல் இவ்வளவு அகலமாக இருப்பது ஊழியர் கிடைக்காத சிற்றூர் மையங்களுக்கு வசதி. மேற்பார்வையின் தரம் ஆளுக்கு ஆள் மாறுவதற்கும் அதுவே காரணமாகிவிடலாம்.

மேற்பார்வை என்றால் கோப்பில் கையெழுத்துப் போடுவது என்று நினைக்கும் மையங்கள் எங்கும் உண்டு. சாம்ஹ்சா 2009இல் வெளியிட்ட மேற்பார்வைக் கையேடு அந்த நினைப்பை ஏற்பதில்லை. உதவியாளர் தன் வேலையைப் பற்றித் தானே சொல்வதைக் கேட்டுக்கொண்டு திருப்தி அடையாதீர்கள், அவர் பேசுவதை நேரில் உட்கார்ந்தோ பதிவிலோ பாருங்கள் என்று அது வற்புறுத்துகிறது. 20 முதல் 40 மணி நேரச் சிகிச்சைப் பணிக்கு ஒரு மணி நேர மேற்பார்வை என்பது அது தரும் பொதுக் கணக்கு.

நேரில் பார்ப்பது ஏன் முக்கியம்? தானே குடித்து மீண்ட உதவியாளர் ஒருவரை நினைத்துக்கொள்ளலாம். நேற்று இரவு மறுபடியும் குடித்துவிட்டேன் என்று எதிரே இருப்பவர் சொல்கிறார். உதவியாளர் தன் சொந்தக் கதையைத் தொடங்குகிறார். இரண்டு நிமிடம் வரை அது ஆறுதல். பத்து நிமிடம் ஆனால் அறையில் சிகிச்சை பெறுபவர் யார் என்றே தெரியாமல் போகும். பிறகு எழுதும் குறிப்பில் 'நல்ல உரையாடல் நடந்தது' என்றிருக்கும். கோப்பை மட்டும் படிக்கும் மேற்பார்வையாளருக்கு எதுவும் பிடிபடாது. நோயாளிக்குக் கடன் கொடுப்பது, தனிப்பட்ட தொலைபேசி எண்ணைத் தருவது, வெளியே சந்திப்பது எல்லாம் இப்படிச் சின்னதாகத்தான் தொடங்கும். ரகசியக் காப்பும் அதே போல. போதைச் சிகிச்சைப் பதிவுகளுக்கென்றே 1975 முதல் தனி மத்திய விதிகள் இருக்கின்றன. இன்னார் எங்கள் மையத்தில் இருக்கிறார் என்று நோயாளியின் சம்மதமில்லாமல் அவருடைய மனைவியிடம் சொல்வதும் மீறல்தான்.

சி.டி.சி.ஏ. சான்றிதழ் அபின் வகை மருந்து நெருக்கடிக்காக உருவானதல்ல. ஆனால் அந்த நெருக்கடிதான் அதன் தேவையைப் பெருக்கியது. மாநிலத்தின் தென்கோடியிலுள்ள போர்ட்ஸ்மத் நகரம் ஒரு காலத்தில் வலி மாத்திரைகளைக் கணக்கில்லாமல் எழுதிக்கொடுத்த 'பில் மில்' கிளினிக்குகளுக்குப் பேர்போனது. 2011இல் மாநிலச் சட்டம் அவற்றை ஒடுக்கியது. மாத்திரை கிடைக்காதவர்கள் பலர் ஹெராயினுக்குப் போனார்கள், பிறகு ஃபென்டனில் வந்தது. ஒஹாயோவில் அளவு மீறிய போதையால் தற்செயலாக இறந்தோர் 2017இல் 4,854 பேர். 2021இல் 5,174 பேர். இதற்கிடையே 2014இல் மெடிகெய்ட் காப்பீடு விரிவாக்கப்பட்டதால் ஏழைகளின் சிகிச்சைக்குப் பணம் வந்தது, மையங்கள் முளைத்தன. நாற்பது மணி நேரத்தில் ஆள் கிடைக்கும் வழி இல்லாதிருந்தால் அந்த மையங்களில் உட்கார ஆளே இருந்திருக்காது. அப்படி வந்தவர்களை மேற்பார்க்கத் தகுதியானவர் உருவாக ஆண்டுகள் ஆகும் என்பதுதான் சிக்கல்.

கலிபோர்னியா இதே சிக்கலை வேறு வழியில் கையாண்டது. அங்கே 2005இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, ஒரு மையத்தில் ஆலோசனை தரும் ஊழியரில் குறைந்தது 30 விழுக்காட்டினர் சான்றிதழோ உரிமமோ பெற்றிருக்க வேண்டும். மற்றவர்கள் பதிவு செய்துகொண்டு ஐந்தாண்டுக்குள் தேற வேண்டும்: 155 மணி நேரக் கல்வி, 160 மணி நேர மேற்பார்வைப் பயிற்சி, 2,080 மணி நேரப் பணி அனுபவம், ஒரு தேர்வு. சான்றிதழ் தருவதை மாநிலம் பல தனியார் அமைப்புகளிடம் விட்டிருந்தது. ஓர் அமைப்பு நீக்கியவர் இன்னொன்றில் சேர்ந்துகொள்ள முடிந்ததையும், பாலியல் குற்றப் பின்னணி உள்ளவர்கள்கூட ஆலோசகராக இருந்ததையும் மாநில செனட்டின் மேற்பார்வை அலுவலகம் 2013இல் அறிக்கையாக வெளியிட்டது. அடுத்த ஆண்டு, ஒருவரைச் சேர்க்கும் முன் மற்ற அமைப்புகளிடம் விசாரிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. ஒரே வாரியம், ஒரே பதிவேடு என்ற ஒஹாயோ ஏற்பாடு இந்த விஷயத்தில் மேலானது.

சி.டி.சி.ஏ.வோடு நின்றுவிட வேண்டியதில்லை. 180 மணி நேரத் துறைக் கல்வி, பணி அனுபவம், தேர்வு ஆகியவற்றோடு இரண்டாண்டுக் கல்லூரிப் படிப்பு, இளநிலை, முதுநிலை என்று ஏற ஏற எல்.சி.டி.சி. 2, எல்.சி.டி.சி. 3, எல்.ஐ.சி.டி.சி. உரிமங்கள் உண்டு. கடைசி உரிமம் பெற்றவர் தனித்துத் தொழில் செய்யலாம்.

நம் பக்கத்தில், இந்தியாவில், ஒஹாயோ வாரியத்துக்கு நிகரான தனிச் சட்ட வாரியம் இல்லை. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை போன்ற நிறுவனங்கள் தாமே ஆலோசகர்களைப் பயிற்றுவித்து வந்திருக்கின்றன. கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்ட கொழும்புத் திட்ட அமைப்பு, 2009இல் போதைச் சிகிச்சைப் பணியாளருக்கான பன்னாட்டுச் சான்றிதழ் மையத்தைத் தொடங்கியது. அது தருவது அரசு உரிமம் அல்ல. தானாக விரும்பிப் பெறும் தகுதி.

ஒஹாயோவில் ஓர் உதவியாளரின் சான்றிதழ் நடப்பில் இருக்கிறதா என்பதை மாநிலத்தின் இ-லைசன்ஸ் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். சிகிச்சைக்குச் சேர்பவரும் குடும்பத்தாரும் அதோடு நின்றுவிடாமல், அவரை மேற்பார்ப்பவர் யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை அவருடைய அமர்வை நேரில் பார்க்கிறார் என்று மையத்திடம் கேட்பது நல்லது.