நூற்றிரண்டு ஆண்டுகள் வாழ்ந்த இராமேஸ்வரத்து இமாம்

அளவற்ற அருளாளன், நிகரற்ற அன்புடையோன் அல்லாஹ்வின் திருப்பெயரால்...

 

முன்னாள் குடியரசுத் தலைவர் டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்களை அறியாத பிள்ளை நம் மக்தபில் இல்லை. ஆனால் அப்பெயரிலுள்ள 'ஜே' என்னும் எழுத்துக்குரியவரைப் பற்றிக் கேட்டால் பெரியவர்களும் மௌனமாகிவிடுகின்றனர். மகனாரின் புகழ் தந்தையாரை மறைத்துவிட்டது போலும்! மர்ஹூம் ஜைனுலாப்தீன் மரைக்காயர் அவர்கள் இராமேஸ்வரம் பள்ளிவாசலின் இமாம், தோணி உடையவர், ஊர்ப் பெரியவர். 1976ஆம் ஆண்டு வஃபாத்தானபோது அன்னாருக்கு வயது 102. கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி ஆற்றின் பக்கத்தில் வாழும் நமக்குக் கடலும் தோணியும் தூரமானவையே. ஆயினும் பள்ளிவாசலும் ஜமாஅத்தும் எங்கும் ஒன்றுதானே!

102 வயது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால், அன்னாரின் பிறப்பு 1874ஆம் ஆண்டை ஒட்டியதாகிறது. 1914இல் பாம்பன் பாலத்தின்மீது இரயில் ஓடத் தொடங்கியபோது அவர்கள் நாற்பதை எட்டியிருந்தார்கள். 1931இல் அப்துல் கலாம் பிறந்தபோது ஐம்பத்தேழு. நாடு விடுதலை பெற்றபோது எழுபத்து மூன்று. 1964 டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை விழுங்கியபோது தொண்ணூறு. இத்தனையையும் அந்தத் தீவிலிருந்தே கண்டவர்கள்!

அன்னாருக்கு முறையான பள்ளிப் படிப்பு இல்லை, பெருஞ்செல்வமும் இல்லை. இதனை 1999இல் ஆங்கிலத்தில் வெளிவந்து, 'அக்கினிச் சிறகுகள்' எனத் தமிழிலும் வந்த தன் வரலாற்று நூலில் மகனாரே எழுதியுள்ளார். பள்ளிவாசல் தெருவில் சுண்ணாம்பும் செங்கல்லும் கொண்டு கட்டப்பட்ட பழைய வீடு. ஆடம்பரம் ஏதுமில்லை, ஆனால் உணவுக்கும் உடைக்கும் குறைவில்லை. துணைவியார் ஆஷியம்மாள் அவர்கள் குடும்பத்தாரைவிட அதிகமான வெளியாருக்கு நாள்தோறும் உணவளித்தார்கள் என்பது அந்நூலில் காணும் செய்தி. கணவர் இமாமாக இருந்து நற்பெயர் பெறுவதில் மனைவியின் அடுப்படிக்கு எவ்வளவு பங்குண்டு என்பதை இமாம்களாகிய நாம் நன்கறிவோம்.

வைகறை நான்கு மணிக்குத் தொழுகையுடன் அன்னாரின் நாள் தொடங்கும். பின்னர் சுமார் நான்கு மைல் தொலைவிலிருந்த தம் தென்னந்தோப்புக்கு நடந்து சென்று, பத்துப் பன்னிரண்டு தேங்காய்களைத் தோளில் சுமந்து வந்த பிறகே காலை உணவு. அறுபதைக் கடந்து எழுபதை நெருங்கிய வயதிலும் இவ்வழக்கம் மாறவில்லை. யாத்திரிகர்களை இராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு ஏற்றிச் செல்வதற்காக அவர்கள் உருவாக்கிய மரத்தோணியை ஒரு பெரும்புயல் கொண்டு போயிற்று. பிழைப்பைத் தந்த கடலே அதைப் பறித்தும் கொண்டது.

மாலைத் தொழுகை முடிந்து வெளியே வரும்போது, பல சமயத்தாரும் பாத்திரங்களில் தண்ணீருடன் காத்திருப்பார்கள். விரல் நுனியைத் தண்ணீரில் தொட்டுத் துஆ ஓதுவார்கள். அத்தண்ணீர் நோயாளிகளின் வீடுகளுக்குச் செல்லும். குணமடைந்தோர் நன்றி சொல்ல வந்தால், நன்றிக்குரியவன் அல்லாஹ்வே என்று புன்னகையுடன் அனுப்பிவிடுவார்கள். நம் பகுதிப் பள்ளிவாசல்களிலும் மஃரிபுக்குப் பின் சகோதர சமயத் தாய்மார்கள் கைக்குழந்தைகளுடன் வாசலில் நிற்பதைக் காண்கிறோம். ஓதிவிடுவதைத் தொழிலாக்கிக் காசு பார்ப்போர் பெருகிவிட்ட இக்காலத்தில், அந்தப் புன்னகையை எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது. இராமநாதசுவாமி கோயிலின் தலைமை அர்ச்சகர் பட்சி லட்சுமண சாஸ்திரிகள் அன்னாரின் நெருங்கிய நண்பர். இருவரும் தத்தம் மரபு உடையிலேயே அமர்ந்து ஆன்மிகம் பேசுவார்களாம். எவரும் தம் கொள்கையை விட்டுக் கொடுக்கவில்லை. நட்பையும் விட்டுக் கொடுக்கவில்லை.

இனி, இக்கட்டுரையை நாம் எழுதக் காரணமான நிகழ்ச்சி. விடுதலையையொட்டிய காலத்தில் நடந்த பஞ்சாயத்துத் தேர்தலில் அன்னார் உறுப்பினராகி, தலைவராகவும் தேர்வு செய்யப்பட்டார்கள். அந்நாளில் ஒருநாள், சிறுவர் கலாம் வீட்டில் உரக்கப் படித்துக் கொண்டிருந்தார். ஒருவர் வந்து தந்தையாரைக் கேட்டார். தந்தையார் தொழுகைக்குச் சென்றிருந்தார்கள்; தாயாரும் தொழுகையில் இருந்தார்கள். வந்தவர் கொண்டுவந்த பொருட்களைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார் சிறுவர். தந்தையார் திரும்பி வந்து பார்த்தபோது, வெள்ளித்தட்டும் துணிமணிகளும் பழங்களும் இனிப்புகளும் இருந்தன. அதுவரை பிள்ளையை அடித்தறியாத அந்தக் கை அன்று அடித்தது. பின்னர் தோளில் கைவைத்து, தம் அனுமதியின்றி எவரிடமும் எதையும் வாங்கக் கூடாது என்று கூறி, ஒரு நபிமொழியையும் எடுத்துச் சொன்னார்கள்.

பிள்ளையை அடிப்பதை நாம் ஆதரிப்பவரல்லர். ஆனால் ஒரு தட்டுப் பழத்திற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்போர் ஹதீஸ் நூல்களைப் பார்க்கட்டும். ஒரு பணிக்கு நியமிக்கப்பட்டு அதற்குரிய ஊதியமும் பெறுபவர், அதற்குமேல் எடுப்பது மோசடியாகும் என்ற கருத்து அபூதாவூதில் உள்ளது. ஸகாத் வசூலித்து வந்த ஒருவர், "இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது" என்ற பொருளில் கூறியபோது, இவர் தம் பெற்றோர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா எனப் பெருமானார் (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறிக் கேட்டதை புகாரி ஷரீஃபில் காண்கிறோம். வக்ஃபு கடையை வாடகைக்குக் கேட்பவர் பெருநாளன்று முத்தவல்லி வீட்டுக்கு அனுப்பும் தட்டும், இமாமின் கையில் இரகசியமாகத் திணிக்கப்படும் உறையும் இதில் அடங்காவா? நிர்வாகிகளும் இமாம்களும் தம்மைத் தாமே கேட்டுக் கொள்ள வேண்டிய கேள்வி இது.

முதுமையில் அன்னார் நலம் குன்றியிருந்தார்கள். மகனார் ஊர் வரும்போதெல்லாம் ஒரு மருத்துவரையும் உடன் அழைத்து வருவார். நீ வந்ததே எனக்குப் போதுமே, மருத்துவருக்கு ஏன் வீண்செலவு என்று கடிந்து கொள்வார்கள். பேரப்பிள்ளைகள் பதினைவரையும் கொள்ளுப்பேரன் ஒருவரையும் விட்டு அன்னார் மறைந்தபோது, மகனார் செயற்கைக்கோள் ஏவுகலப் பணியில் மூழ்கியிருந்தார். சிறிது காலத்தில் ஆஷியம்மாள் அவர்களும் தம் துணைவரைத் தொடர்ந்தார்கள். மூத்த மகன் முத்து மீரா மரைக்காயர், உலகப் புகழ் பெற்ற தம் தம்பியை 2015இல் அதே தீவில் நல்லடக்கம் செய்வதையும் கண்டு, 2021 மார்ச்சில் தம் 104ஆம் வயதில் இராமேஸ்வரத்திலேயே வஃபாத்தானார்கள். அவர்கள் அனைவரின் பிழைகளையும் பொறுத்து, அல்லாஹ் மேலான சுவனபதியை வழங்குவானாக! ஆமீன்.