குவீன்ஸ் ஸ்கான்ஸ்

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில், நியூவார்க் நகரின் தென்மேற்கு ஓரத்தில், டெவன் ஆற்றருகே உள்ள மண்கோட்டை. 1642இல் மன்னர் முதலாம் சார்லசுக்கும் நாடாளுமன்றத்துக்கும் மூண்ட உள்நாட்டுப் போரில் மன்னர் தரப்பினர் இதைக் கட்டினார்கள். அரசி ஹென்ரியட்டா மரியாவைக் குறிக்கும்படி பெயர் வைத்தார்கள். அந்தப் போரின் மண் அரண்களில் இவ்வளவு முழுமையாக எஞ்சியிருப்பவை மிகச் சிலவே.

வடக்கே செல்லும் பெருவழியும் ரோமானியர் போட்ட பாஸ் வே சாலையும் டிரெண்ட் ஆற்றருகே சந்திக்கும் ஊர் நியூவார்க். அதனால் இரு தரப்புக்கும் அதன்மேல் கண் இருந்தது. மன்னர் தரப்பின் கையிலிருந்த ஊரை நாடாளுமன்றப் படை 1643இல் முதன்முறை முற்றுகையிட்டது; அது பலிக்கவில்லை. 1644 மார்ச்சில் ஜான் மெல்ட்ரம் தலைமையில் மீண்டும் வந்த நாடாளுமன்றப் படையை மன்னர் தரப்பின் இளவரசர் ரூபர்ட் வளைத்துச் சரணடைய வைத்தார். அடுத்த தாக்குதல் இன்னும் கடுமையாக இருக்கும் என்பது ஊருக்குள் இருந்தவர்களுக்குத் தெரிந்தேயிருந்தது. ஆகவே நகரைச் சுற்றியிருந்த அரண்களைப் பலப்படுத்தி, வெளியே இரண்டு பெரிய கோட்டைகளை எழுப்பினார்கள்: வடகிழக்கில் கிங்ஸ் ஸ்கான்ஸ், தென்மேற்கில் இது.

கல் இருக்க மண்ணைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. பீரங்கிக் குண்டு பட்டால் கல்மதில் உடைந்து சிதறும்; தடித்த மண்மேடோ குண்டைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும். சேதமானால் மண்வெட்டியும் ஆட்களும் போதும், இரவோடிரவாகச் சரிசெய்துவிடலாம். அகழி தோண்டிய மண்ணே மதிலாகிவிடும் என்பதால் செலவும் நாளும் மிச்சம். நெதர்லாந்துப் போர்களில் தேர்ந்த முறை இது. குவீன்ஸ் ஸ்கான்ஸுக்குச் சதுர வடிவ நடுப்பகுதி. நான்கு மூலைகளிலும் அம்புமுனைபோல் நீளும் கொத்தளங்கள். ஒரு கொத்தளத்தை நெருங்குபவரை அடுத்த கொத்தளத்திலிருந்து பக்கவாட்டில் சுடலாம். எதிரி ஒளிய மறைவிடமே கிடையாது. சுற்றிலும் உள்ள அகழி சில இடங்களில் 20 மீட்டருக்கும் மேல் அகலமானது.

கடைசி முற்றுகை 1645 நவம்பரில் தொடங்கியது. வடக்கே, நாடாளுமன்றத்தின் கூட்டாளியாக வந்த லெவன் பிரபுவின் ஸ்காட்லாந்துப் படை பாடிவீடு அமைத்து அதற்கு ‘எடின்பரோ’ என்று பெயரிட்டது. மற்றத் திசைகளில் சிடன்ஹாம் பாயின்ட்ஸின் நாடாளுமன்றப் படை. மாவு அரைக்கும் ஆலைகள் ஓடாதபடி டெவன் ஆற்றுக்கு அணை போட்டுத் தண்ணீரைத் திருப்பினார்கள். உள்ளே, சம்பளம் கொடுக்கக் காசில்லாமல், வெள்ளிப் பாத்திரங்களை வெட்டிச் சாய்சதுர நாணயம் அடித்தார்கள். பசியோடு கொள்ளைநோயும் சேர்ந்துகொண்டது. ஆனாலும் ஊரைப் படைபலத்தால் பிடிக்க எதிரிகளால் முடியவில்லை. 1646 மே 5ஆம் தேதி சவுத்வெல்லில் ஸ்காட்லாந்துக்காரர்களிடம் தன்னை ஒப்படைத்த சார்லசே நியூவார்க்கையும் ஒப்படைக்கச் சொன்னார். ஆளுநர் பெலாசிஸ் பிரபு அதை ஏற்க, மே 8இல் காவற்படை வெளியேறியது. இந்த அரண்கள் தம் வேலையை நிறைவாகவே செய்தன என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

வென்றவர்கள் அரண்களைத் தரைமட்டமாக்கச் சுற்றுவட்டார மக்களுக்கு உத்தரவிட்டார்கள். கொள்ளைநோய் பரவிய ஊர் என்பதால் அந்த வேலை முழுதாக நடக்கவில்லை. குவீன்ஸ் ஸ்கான்ஸ் பிழைத்தது அப்படித்தான். கிங்ஸ் ஸ்கான்ஸ் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அழிக்கப்பட்டது. அது பெரும் இழப்பு. முற்றுகையிட்டவர்களின் அரண்களிலும் பல உழவில் கரைந்துவிட்டன. எஞ்சியவற்றை அளந்து பதிவுசெய்த அரசு ஆணையத்தின் நூல் 1964இல் வெளியானது. குவீன்ஸ் ஸ்கான்ஸ் இன்று ஒரு பொதுப் பூங்காவுக்குள், சட்டப் பாதுகாப்புள்ள தொல்சின்னமாக உள்ளது.