செத்த காலேஜும் தெருக் கேமராவும்

எழும்பூர் மியூசியத்துக்குப் பழைய மெட்ராஸ் மக்கள் வைத்த பெயர் தெரியுமா நண்பர்களே? 'செத்த காலேஜ்'. மிருகக்காட்சி சாலைக்கு 'உயிர் காலேஜ்'. பாடம் செய்த விலங்குகளும் எலும்புக்கூடுகளும் இருக்கிற இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. அந்தச் செத்த காலேஜுக்கும் கேமராவுக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மியூசியம் தொடங்கியது 1851-ல். 1856-ல் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரியை மெட்ராஸ் அரசின் புகைப்படக்காரராக நியமித்தார்கள். மதுரை, தஞ்சாவூர் கோயில்களை எடுத்தவர், 1858-ல் மியூசியத்தில் இருந்த அமராவதி சிற்பங்களையும் எடுத்தார். அவர் படங்களில் ஒரு வேடிக்கை: பெரும்பாலும் ஆட்களே இருக்க மாட்டார்கள். அன்றைக்கு ஒரு படம் பதிய நேரம் பிடிக்கும். நடந்து போகிறவர் பதியவே மாட்டார்.

பிறகு மனிதர்களும் பதிந்தார்கள். எப்படி? 1885 முதல் 1908 வரை மியூசியத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்திய மக்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தார், படம் பிடித்தார். 1909-ல் அது ஏழு தொகுதிப் புத்தகமாக வந்தது, சாதிவாரியாக, அகர வரிசையில். படத்தின் கீழே பெரும்பாலும் ஆளின் பெயர் இருக்காது, சாதியின் பெயர்தான் இருக்கும்.

1925-ல் கைக்கு அடக்கமான லைக்கா கேமரா விற்பனைக்கு வந்ததும் நிலைமை மாறியது. நிற்க வைத்து எடுக்காமல், தெருவில் நடக்கிறதை நடக்கிறபடியே எடுக்க முடிந்தது. இந்தக் கலையின் பெரிய பெயர் ஆன்ரி கார்ட்டியே-பிரெஸோன். 1950-ல் ரமணர் மறைந்தபோது அவர் திருவண்ணாமலையில்தான் இருந்தார். ஆனால் அப்போதும் கேமரா வெளியூர்க்காரர் கையில்தான். நாம் படத்துக்குள்ளே!

அது கை மாறியதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் பழனிக்குமார். மதுரைப் பக்கத்துக்காரர், மீன் விற்கும் அம்மாவின் மகன். 2017-ல் வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். அவர் வடசென்னை வியாசர்பாடியில் பிள்ளைகளுக்குப் புகைப்படம் கற்றுக் கொடுத்தார். யாரோ வந்து 'பாவம்' என்று எடுத்துப் போகும் தெருவை, அந்தத் தெருப் பிள்ளைகளே எடுத்தார்கள். மும்பையில் பார்த்தோ பௌமிக் 2006 முதல் பார்வையற்றவர்களுக்கே புகைப்படம் சொல்லிக் கொடுக்கிறார். சத்தம், தொடுகை, வெயிலின் சூடு, இவற்றை வைத்து எடுக்கிறார்கள். 'எல்லாருக்கும்' என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

ஒரு மியூசியம் இதைச் செய்யப் பெரிய செலவு ஆகாது. காலையில் ஒரு மணி நேரம் தெருவில் நடை, மொபைல் போனே போதும். திரும்பி வந்து ஆளுக்கு ஒரு படம் தேர்ந்தெடுத்து, அச்சிட்டு, கீழே சொந்த வார்த்தையில் இரண்டு வரி எழுதி மாட்ட வேண்டும். படத்தில் இருப்பவர் சம்மதித்தால் அவர் பெயரையும் எழுத வேண்டும். தர்ஸ்டன் விட்டுப் போனது அதுதானே!

எங்கள் வாலாஜாபாத்தில் மியூசியம் இல்லை. ஆனால் விடியற்காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்ஸுக்காக யூனிஃபார்மோடு நிற்கும் வரிசை இருக்கிறது. ஒரகடம் ரோட்டில் லாரிப் புழுதிக்குள் இட்லிக் கடை போடும் அக்கா இருக்கிறார். தொழிற்சாலைக்குள்ளே போன் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டி விடுவார்கள், தெருவில் ஒட்ட முடியாது. நூறு வருஷம் கழித்து இந்த ஊரைப் பற்றி யாராவது தேடினால் கிடைக்கப் போவது கம்பெனிகளின் விளம்பரப் படங்கள் மட்டுமா? அந்த வரிசையில் நிற்பவர்களே எடுத்த படம் ஒன்றாவது வேண்டாமா?