ஆறாம் தரத்து ஆங்கில வகுப்பும் அதன் ஒழுங்குகளும்

பதுளையில் ஒரு பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். ஆங்கில ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போய், அடுத்தவர் வராத ஒரு தவணையில், ஆறாம் தரத்து ஆங்கிலப் பாடமும் என் தலையில் விழுந்தது. முதல் நாளே கரும்பலகையில் மூன்று ஒழுங்குகள் எழுதினேன். இந்தப் பாடவேளையில் தமிழ் பேசக்கூடாது. தினமும் ஐந்து சொற்கள் பாடமாக்க வேண்டும். பிழை விட்டால் பத்துத் தடவை எழுத வேண்டும். நான் படித்த காலத்தில் எனக்குப் போடப்பட்ட ஒழுங்குகளும் இவைதாம்.

இந்நாட்டில் ஆங்கில வகுப்புக்குள் யார் நுழையலாம் என்பதே நெடுங்காலம் கேள்வியாக இருந்தது. பிரித்தானியர் காலத்தில் ஆங்கிலப் பாடசாலைகள் கட்டணம் அறவிட்டன. அவற்றில் பல மிஷனரிமாரின் கையில் இருந்தன. பிள்ளையின் ஈமான் போய்விடுமோ என்று நம்மவர்கள் பயந்து ஒதுங்கினார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. ஒதுங்கியதால் வந்த நட்டமும் பெரிது. கண்டியில் பிறந்த அறிஞர் சித்தி லெப்பை (1838–1898) 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கி இதைப் பற்றி எழுதினார். எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு இங்கு வாழ்ந்த ஒராபி பாஷாவும் ஊக்கம் கொடுத்தார். 1892இல் மருதானையில் உருவான பாடசாலையே பின்னர் ஸாஹிராக் கல்லூரியானது. மார்க்கத்தை விடாமலே ஆங்கிலம் படிக்கலாம் என்பதை அது காட்டியது.

மலையில் கதை வேறு. 1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம், தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் ஆரம்பக் கல்வி கொடுக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின் மேல் வைத்தது. எழுத்தும் கணக்கும் கொஞ்சம் தெரிந்தால் போதும் என்பதே எதிர்பார்ப்பு. கணக்கப்பிள்ளைக்கும் துரைக்கும் நடுவில் ஓடிய ஆங்கிலம் லயத்துக்குள் வரவில்லை.

1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. தாய்மொழி போதனா மொழியானது. முஸ்லிம்களுக்குச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்ற மூன்றில் தெரிவு செய்யும் உரிமையும் கிடைத்தது. சிலருக்குப் போதனா மொழியாக இருந்த ஆங்கிலம் எல்லாருக்கும் ஒரு பாடமாக மாறியது. தோட்டப் பாடசாலைகளை அரசு பரவலாகப் பொறுப்பேற்றது 1977க்குப் பிறகுதான். 2002இல் ஆறாம் தரத்திலிருந்து ஆங்கில மொழிமூலம் கற்பிக்க அனுமதி வந்தபோது, ஆசிரியர் உள்ள பாடசாலைகளே அதைப் பயன்படுத்த முடிந்தது. 2009இல் நம் பாணியிலேயே ஆங்கிலம் பேசுவோம் என்ற அரசாங்கத் திட்டம், பிழைக்குப் பயப்பட வேண்டாம் என்று நாட்டுக்குச் சொன்னது. அந்தச் செய்தி என் கரும்பலகைக்கு வந்து சேரவில்லை.

என் வகுப்பில் ஐந்தாம் தரம் வரை தோட்டப் பாடசாலையில் படித்த பிள்ளை ஒருத்தி இருந்தாள். மூன்று கிழமை வாய் திறக்கவில்லை. பிடிவாதம் என்றே நினைத்தேன். ஒருநாள் இடைவேளையில் கூப்பிட்டு, “ஏன் மகள், ஒண்டும் கேக்குறீங்க இல்ல?” என்றேன்.

“தமிழ் பேசக்கூடாதுன்னு எழுதியிருக்கீங்க சேர். வெளங்கலன்னு இங்கிலீசுல சொல்ல எனக்குத் தெரியாது” என்றாள்.

நூறு வருஷத்துக்கு மேலாகப் பலர் பாடுபட்டு அந்தப் பிள்ளையை ஆங்கில வகுப்புக்குள் கொண்டு வந்திருக்கிறார்கள். உள்ளே வந்தவளின் வாயை என் முதலாவது ஒழுங்கு கட்டிவிட்டது. கட்டணம் கட்ட முடியாதவனை அந்தக் காலத்துப் பாடசாலை வாசலில் நிறுத்தியது. நான் வாங்குக்கு வரவழைத்து அங்கேயே நிறுத்தினேன்.

அடுத்த நாள் பலகையை அழித்து வேறு மூன்று எழுதினேன். விளங்காவிட்டால் தமிழில் கேட்கலாம். ஒவ்வொருவரும் தினமும் ஒரு வசனமாவது ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். மற்றவரின் பிழைக்குச் சிரிக்கக்கூடாது. மூன்றாவதை எனக்கும் சேர்த்தே எழுதினேன். என் உச்சரிப்பும் பெரிதாகச் சொல்லும்படி இல்லை.

ஆங்கில ஆசிரியர் வேண்டும் என்று நமது பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள் கேட்கின்றன. கேட்கத்தான் வேண்டும். வருகிறவர் பலகையில் முதல் நாள் என்ன எழுதுகிறார் என்பதையும் ஒருமுறை போய்ப் பார்க்கட்டும். அந்தப் பிள்ளை தவணை முடிவில் எழுந்து ஒரு கேள்வி கேட்டாள். வினைச்சொல் பிழை. கேள்வி சரி. பதில் சொன்னேன்.